தொட்டியில் வாழும் ஆமை



ஐம்புலன்களை அடக்கி வாழ்வதற்குத் திருவள்ளுவர் கண்ட உவமை ஆமை. மெல்ல நடப்பவனையும் நாம் ஆமை என்கிறோம். அது புகுந்த வீடு விளங்காது என்று ஒரு பழமொழியும் வைத்திருக்கிறோம். அப்பழமொழியைப் பொருட்படுத்தாமல், இன்று நகரங்களில் பலர் ஆமையை விலை கொடுத்து வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கின்றனர். அத்தொட்டியின் முன் சிறிது நேரம் அமர்ந்து நோக்கினால், அதனுள் நிகழும் விந்தைகள் பல. அவற்றை வெறும் வேடிக்கை என்று கொள்ளலாமா? அவை ஒவ்வொன்றும் ஆமையின் உடல் நமக்குச் சொல்லும் செய்தி என்பதே இன்று நான் கூற விரும்புவது.

தொட்டிகளில் மிகுதியாகக் காணப்படுவது செங்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு இதன் தாயகம். கண்ணுக்குப் பின்னால் சிவந்த பட்டை ஒன்று இருப்பதால் இப்பெயர் வந்தது. அப்பட்டை காது அன்று. ஆமைக்குப் புறச்செவியே இல்லை. ஆற்றோரக் கட்டைகளில் ஏறி வெயில் காய்வதும், ஆள் அரவம் உணர்ந்தால் நீருள் சறுக்கி மறைவதும் இதன் இயல்பு. ஆகவே ஆங்கிலத்தில் இதனைச் 'சறுக்கி' என்ற பொருள்படவே அழைக்கின்றனர்.

முதலில் வெயில் காய்தலைக் காண்போம். நீருக்கு மேலே ஒரு கல் இருந்தால் ஆமை அதன்மேல் ஏறும்; கழுத்தை நீட்டும்; பின்னங்கால்களைப் பறப்பதுபோல் பின்னோக்கி விரிக்கும்; விரல்களையும் அகல விரித்து அசையாது கிடக்கும். யோகாசனம் செய்கிறது என்று பார்ப்பவர் நகைப்பர். ஆமை ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. நம்மைப் போல் உடலின் வெப்பத்தைத் தானே ஒரே நிலையில் வைத்துக்கொள்ள அதனால் இயலாது. உண்டது செரிப்பதற்கும் வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். காலை விரித்தால் வெயில் படும் பரப்புப் பெருகும். மேலும், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களால் தோலில் டி வைட்டமின் உண்டாகிறது. அது இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். அதற்கு வேண்டிய கதிர்களைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். எனவே, சன்னலோரத்தில் தொட்டியை வைத்தால் போதும் என்பது சரியன்று. தக்க ஒளியின்றி வளரும் குட்டியின் ஓடு உறுதி பெறாமல் மென்மையாகிவிடும்.

சில வேளைகளில் ஓர் ஆமையின் முதுகில் மற்றொன்று ஏறி அமர்ந்திருக்கும். இஃது அன்பின் அடையாளம் அன்று. வெயில் காயும் இடம் போதவில்லை என்பதன் அடையாளம்.

ஆமையைக் கையில் எடுத்தால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு 'உஸ்' என்று ஒலிக்கும். சினம் என்று அஞ்ச வேண்டா. ஓடு பெட்டி போன்றது; விரியாதது. தலையும் கால்களும் உள்ளே புகவேண்டுமானால், நுரையீரலிலுள்ள காற்று வெளியேறி இடம்விட வேண்டும். அக்காற்றின் ஓசையே அது.

கல்லின்மேல் இருக்கும்போது உணவு கொடுத்தால், அதைக் கவ்விக்கொண்டு நீருக்குள் குதிக்கும். ஒளித்துத் தின்னும் குணம் என்று எண்ண வேண்டா. அதன் நாக்கு நம்முடையது போல் உணவைப் புரட்டித் தள்ளும் நாக்கு அன்று. நீரின் துணையோடுதான் அது உணவை விழுங்கும்.

உணவிடுபவர் அறைக்குள் நுழைந்ததும் ஆமை கண்ணாடியருகே விரைந்து வந்து கால்களை அடித்துக்கொள்ளும். 1904இல் நோபல் பரிசு பெற்ற ருசிய அறிஞர் பாவ்லோவை நீங்கள் அறிவீர்கள். உணவுக்கு முன் தவறாமல் ஓர் ஒலி எழுப்பி வந்தால், நாளடைவில் அவ்வொலி கேட்டதுமே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று அவர் காட்டினார். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஏட்டில் படித்த அப்பாடத்தை, ஆமைத் தொட்டியில் நான் கண்ணாரக் கண்டேன். ஆளைக் கண்டதும் உணவு வரும் என்று ஆமை கற்றுக்கொள்கிறது. அதைப் பசி என்று கருதி ஒவ்வொரு முறையும் உணவிட்டால், ஆமை கொழுத்து நோயுறும். எஞ்சிய உணவு நீரையும் கெடுக்கும்.

ஆண் ஆமையின் முன்கால் நகங்கள் நீண்டவை. அது பெண்ணின் முகத்துக்கு எதிரே நீந்தி நின்று, அந்நகங்களை வீணைத் தந்தி அதிர்வதுபோல் படபடவென்று ஆட்டும். இது காதல் நடனம். முதிராத குட்டிகளும் இவ்வாறு ஆடுவதுண்டு.

இனி, கவனிக்க வேண்டிய ஒன்று. என் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் பெண் ஆமை ஒன்று தனியே வளர்ந்தது. சில நாள்களாக அது உணவை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியின் மூலையை இரவும் பகலும் பிறாண்டியது. அவ்வப்போது பின்னங்கால்களால் கல்லைத் தோண்ட முயன்றது. 'ஆட்டம் போடுகிறது' என்று குழந்தைகள் கைகொட்டினர். உண்மையில் அது முட்டையிட மண் தேடியது. ஆண் துணை இல்லாவிடினும் பெண் ஆமையின் வயிற்றில் முட்டை உருவாகும். ஈரமண் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கே கேடு. அகன்ற தொட்டி ஒன்றில் ஒரு சாண் ஆழத்துக்கு ஈரமண் நிரப்பி அதனை விட்டனர். அன்று மாலையே அது குழி தோண்டி எட்டு முட்டைகள் இட்டது. அவை பொரிக்கமாட்டா, எனினும் ஆமை பிழைத்தது.

அவ்வாறே ஒரு பக்கம் சாய்ந்து நீந்துவதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், மூக்கில் குமிழி விடுவதும் வேடிக்கையல்ல; நுரையீரல் நோயின் குறிகள். கண் வீங்கி மூடியிருப்பது தூக்கமன்று; பெரும்பாலும் ஏ வைட்டமின் குறைவு. இத்தகைய குறி கண்டால் கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

வாங்க நினைப்போர்க்கு ஒரு சொல். கடையில் பழைய வெள்ளி ரூபாய் அளவே இருக்கும் குட்டி, வளர்ந்தால் ஓரடி நீளத்தை எட்டக்கூடும். இருபது முப்பது ஆண்டுகள் வாழும். இன்று பள்ளியில் பயிலும் நீங்கள் வாங்கினால், உங்கள் பிள்ளைகளும் அதற்கு உணவிட நேரலாம். ஆமையின் உடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். அதனால் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதற்கு 1975இல் தடை விதித்தனர். ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் கட்டாயம்.

வளர்த்துச் சலித்தவர்கள் அதைக் குளத்தில் விட்டுவிடுகின்றனர். அருள் என்று எண்ணிச் செய்யும் அச்செயலால் பல நாடுகளில் உள்ளூர் ஆமைகளின் உணவும் இடமும் பறிபோயின. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியையே நிறுத்தியது. நம் நாட்டு ஆமைகளைப் பிடித்து வளர்க்கலாமோ எனில், அதுவும் ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஆமைக்குப் பேச்சில்லை, நாய் போல் குரைத்தும் அழைக்காது. அதன் செயலே அதன் மொழி. தொட்டியின் முன் நிற்கும்போது சிரியுங்கள்; சிரித்தபின், 'ஏன் இப்படிச் செய்கிறது?' என்று கேளுங்கள். அறிவியல் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான். அதனிடம் நாம் காட்ட வேண்டிய இரக்கமும் அங்கேயே தொடங்குகிறது.