உஷார்! சைபர் செக்யூரிட்டி மேற்படிப்புக்கு நிலத்தை அடகு வைக்கப் போகிறீர்களா?

பீரோவிலிருந்து நிலப் பத்திரத்தை எடுப்பதற்கு முன், வீட்டு நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன், இதைப் படித்துவிடுங்கள். உத்திரமேரூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பி.இ., பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பிள்ளை உள்ள வீடுகளை நினைத்தே எழுதுகிறேன். ரிசல்ட் வந்த கையோடு போன் வர ஆரம்பித்துவிடுகிறது. "சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்ல எம்.எஸ்., சைபர் செக்யூரிட்டி ஸ்பெஷல். அரியர் இருந்தாலும் பரவாயில்ல. எக்ஸாம் எதுவும் வேணாம். இந்த வாரத்துக்குள்ள அட்வான்ஸ் கட்டிட்டா சீட் உங்களுக்குத்தான் சார்."

"நமக்கு என்னப்பா தெரியும், படிச்ச புள்ள சொல்லுது" என்று தகப்பன் கையெழுத்துப் போடுகிறார். முதல் பட்டதாரி வீட்டில் கேள்வி கேட்க வேறு ஆள் இல்லை. ஆபத்து அங்கேதான் நுழைகிறது.

படிப்பு நல்ல படிப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வங்கி, மருத்துவமனை, மின்வாரியம் என எல்லாமே மென்பொருளை நம்பி ஓடும் காலத்தில் அதைக் காக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். அந்தத் தேவையைக் காட்டித்தான் நம் பிள்ளைகளுக்குப் போலியை விற்கிறார்கள்.

2019 ஜனவரி இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். டெட்ராய்ட் அருகே ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்ற ஊரில் 'ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம்' இருந்தது. இணையதளம், முத்திரை, ஆபீஸ் எல்லாம் இருந்தன. ஆசிரியர் ஒருவர்கூட இல்லை, ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. அதை நடத்தியவர்கள் அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் அதிகாரிகள். விசா மோசடியைப் பிடிக்க வைத்த பொறி அது. ஏற்கெனவே மாணவர் விசாவில் அங்கே இருந்தவர்கள், "வகுப்புக்குப் போக வேண்டாம், முழுநேரம் வேலை பார்க்கலாம்" என்ற தரகர் பேச்சைக் கேட்டு அதற்கு மாறினார்கள். காலாண்டுக்கு 2,500 டாலர் கட்டணம். சேர்ந்தவர்கள் சுமார் 600 பேர், பெரும்பாலும் இந்தியர். முதலில் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் நம் நாட்டவர். ஆள் சேர்த்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கிய எட்டுப் பேர் மீது குற்ற வழக்கு வந்தது.

சேர்ந்த எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும் என்றது அமெரிக்க அரசு. தெரியாது, ஏமாற்றப்பட்டோம் என்றார்கள் பல மாணவர்கள். கட்டிய பணத்தைக் கேட்டு ஒரு மாணவர் போட்ட வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதை மேற்கொண்டு நடத்தலாம் என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அந்தப் பிள்ளைகளின் ஐந்து வருடம் போய்விட்டது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இன்னொன்று. அந்தப் பொய்ப் பல்கலைக்கழகம், அமெரிக்க அரசின் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிறுவனப் பட்டியலிலேயே இருந்தது. ஆகவே, 'கவர்மென்ட் லிஸ்ட்ல பேர் இருக்கு பாருங்க' என்று ஏஜென்ட் செல்போனில் காட்டினால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பாடம் யார் நடத்துகிறார், போன வருடம் யார் படித்து முடித்தார் என்று கேளுங்கள். இது முதல் முறையும் அல்ல. 2011இல் கலிஃபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, அங்கே சேர்ந்திருந்த நம் மாணவர்கள் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டினார்கள். அதன் நிறுவனர் பிறகு சிறைக்குப் போனார். 2023இல் கனடாவில், போலி அட்மிஷன் கடிதத்தோடு வந்தார்கள் என்று பஞ்சாப் மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். கடிதம் போலி என்பதே பலருக்கு வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

வெளிநாடு வேண்டாம், இங்கேயே படிக்கட்டும் என்கிறீர்களா? இங்கும் கண்ணியைப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. சட்டப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் கொடுத்த நிறுவனமும் மட்டுமே பட்டம் கொடுக்கலாம். போலிகளின் பட்டியலை யு.ஜி.சி. தன் இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. தொலைதூரக் கல்வியில் பொறியியல் பட்டம் நடத்தும் வழக்கத்துக்கு 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தடை போட்டது. 2020ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகளும் பொறியியலைத் தொலைதூர, இணையவழிப் படிப்புகளிலிருந்து விலக்கிவைத்தன. 'வீட்டிலிருந்தே எம்.டெக்.' என்று ஒருவர் சொன்னால், அதற்கு யு.ஜி.சி. அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். ஐ.ஐ.டி.கள் தங்கள் சொந்தச் சட்டத்தின் கீழ் நடத்தும் இணையவழி முதுநிலைப் படிப்புகள் வேறு, ஐ.ஐ.டி. கான்பூரில் சைபர் செக்யூரிட்டிக்கே அப்படி ஒன்று உண்டு. ஆனால் ஐ.ஐ.டி. பெயரை முன்னால் ஒட்டிய ஆறு மாத சர்ட்டிஃபிகேட் எதுவும் பட்டம் ஆகாது. அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கைகோத்து ஆன்லைன் நிறுவனங்கள் கொடுக்கும் பட்டம் செல்லாது என்று 2023 டிசம்பரில் யு.ஜி.சி. வெளிப்படையாக எச்சரித்தது. அந்தப் பட்டத்தோடு நாளை அரசு வேலைக்கோ பிஎச்.டி.க்கோ போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

மூன்று மாத 'ஹேக்கிங்' வகுப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிஜமான முதுநிலைப் படிப்பில் குறியாக்கக் கணிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், ஓட்டையில்லாமல் நிரல் எழுதுவது, எழுதியதைச் சோதிப்பது, கடைசியில் ஒரு ஆய்வுத் திட்டம் என்று இரண்டு வருட உழைப்பு இருக்கும். பாடத்திட்டத்தைக் கேட்டால் சாஃப்ட்வேர் டூல்களின் பெயரை மட்டும் அடுக்குகிற இடத்தில் அது இருக்காது. அதைவிட மோசம், 'பிராக்டிஸ்' என்று யாரோ ஒருவரின் இணையதளத்தை உடைத்துப் பார்க்கச் சொல்வது. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் கெட்ட நோக்கோடு நுழைவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆவது பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். 'சார்தான் செய்யச் சொன்னார்' என்பது உங்கள் பிள்ளையைக் காப்பாற்றாது.

படித்து முடித்த பிள்ளைக்கும் வலை காத்திருக்கிறது. கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களைத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போய், மியான்மருக்குள் கடத்தி அடைத்துவைக்கிறார்கள் என்று வெளியுறவுத் துறை 2022 செப்டம்பரில் எச்சரித்தது. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரைக் காக்கப் படித்த பிள்ளையை ஊரை ஏமாற்ற உட்காரவைப்பதுதான் அந்தக் கும்பலின் தொழில்.

நம் ஊருக்கு இதெல்லாம் புரியாத சங்கதி அல்ல. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின்படி, ஊர்ச் சபையின் வாரியம் என்ற குழுவுக்குக் குடவோலையில் பெயர் எழுத வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமே இல்லை. அந்தச் சபை எல்லாச் சாதிக்குமான சபை அல்ல என்பதை மறக்கவில்லை. ஆனால் பொறுப்பை ஒருவன் கையில் கொடுக்கும் முன் கணக்குக் கேட்ட ஊர் இது. ஏரிப் பாசன நிலத்தை அடகு வைத்த பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏஜென்டிடம் ரசீது கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?

கேளுங்கள். கட்டணம் கல்லூரியின் வங்கிக் கணக்குக்குப் போகிறதா, தனி ஆளின் ஜி-பே நம்பருக்கா? ஆஃபர் லெட்டரை ஏஜென்ட் கையால் வாங்காமல், கல்லூரியின் அதிகாரபூர்வ முகவரிக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதி உறுதி செய்யுங்கள். கனடா என்றால் டி.எல்.ஐ. எண், ஆஸ்திரேலியா என்றால் கிரிகோஸ் எண், பிரிட்டன் என்றால் ஸ்பான்சர் உரிமம் கல்லூரிக்கு இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் அந்தந்த அரசின் தளத்தில் பார்க்கலாம். பார்த்த பிறகும் அங்கே படித்து முடித்த ஒருவரை நீங்களாகத் தேடிப் பேசுங்கள். ஏஜென்ட் கொடுக்கும் நம்பரில் பேசுகிறவர் ஏஜென்டின் ஆளாகவும் இருக்கலாம்.

நேர்வழி இருக்கிறது, அது இவ்வளவு செலவும் ஆகாது. பி.இ. முடித்தவர் கேட் தேர்வு எழுதலாம், தேறி, ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.இ. அல்லது எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கே வழி உண்டு. கேட் கைகொடுக்காவிட்டால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பி.ஜி. தேர்வு இருக்கிறது. பி.சி.ஏ., பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு டான்செட் எழுதி எம்.சி.ஏ. போகும் வழி. காந்திநகரில் தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகத்தில் சைபர் செக்யூரிட்டியிலேயே எம்.டெக். இருக்கிறது. பணம் வேண்டுமானால் முதலில் வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். கல்லூரியின் அங்கீகாரத்தை வங்கியும் தன் பங்குக்குப் பார்க்கும். 'இந்த இடத்துக்குக் கடன் தர மாட்டோம்' என்று மேனேஜர் சொன்னால் அவரோடு சண்டை போடாதீர்கள், ஏன் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். ஆன்லைனில் அனுப்பிய பணமென்றால் இந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.