கிஞ்சு என்னும் சிவப்பு



உதட்டுச் சாயத்தை மலாய்மொழியில் ‘கிஞ்சு’ என்பார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

இது சீனர்கள் கொண்டு வந்த சொல். ஹொக்கியன் பேச்சில் ‘கின்’ என்றால் வெள்ளி. ‘சூ’ என்றால் செஞ்சாயம். சிவப்புப் பொடிக்கு வெள்ளியின் பெயர் ஏன்? வெள்ளிபோல் மின்னி ஓடும் பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றித்தான் அந்தப் பொடியைச் செய்தார்கள். முத்திரை மைக்கும் வண்ணப் பூச்சுக்கும் அது பயன்பட்டது. அதன் பெயரே பின்னர் மலாய்மொழியில் உதட்டுச் சாயத்தின் பெயராயிற்று.

அதே பொடியைத் தமிழில் ‘சாதிலிங்கம்’ என்கிறோம். அந்தச் சொல்லும் கடல் கடந்து வந்து மலாய்மொழியில் ‘செடெலிங்கம்’ ஆகியிருக்கிறது. ஆக, ஒரே சிவப்புக்குச் சீனரும் தமிழரும் ஆளுக்கொரு பெயர் கொடுத்திருக்கிறோம்!

நம் குங்குமத்தின் கதையும் இப்படித்தான். ‘குங்குமம்’ என்ற வடசொல் முதலில் குங்குமப்பூவைக் குறித்தது. நாம் நெற்றியில் இடுவதோ மஞ்சளிலிருந்து செய்வது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதை ஆரத்தித் தட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோமே!

பெயர் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் பொருள் மாறிவிடும். இதை நாம் மறக்கக்கூடாது. இன்றைய உதட்டுச் சாயம் மெழுகு, எண்ணெய், வண்ணம் சேர்த்துச் செய்யப்படுகிறது. அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்க்க நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆனாலும் முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி விற்ற சில களிம்புகளில் பாதரசம் இருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். வயிற்றில் வளரும் பிள்ளைக்கும் ஆகாது. மலிவான சிவப்புப் பொடிகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதும் உண்டு. அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

ஆகவே தாய்மார்களே, தங்கைமார்களே! சம்பள நாளில் சந்தைக்குப் போனால் பெயரையும் நிறத்தையும் பார்த்து மயங்காதீர்கள். செய்தவர் பெயரோ, சேர்த்த பொருள்களோ குறிக்காத டப்பாவைத் தொடாதீர்கள். அமைச்சிடம் அறிவித்த பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் எண் உண்டு. அதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

பொட்டு வைப்போம், சாயமும் பூசுவோம். அது உடம்பைக் கெடுக்காத சிவப்பாக இருக்கட்டும்.