நாற்பதுக்கு மேல் தொப்பை ஏன்?

அதே மூன்று இட்லி, அதே இரண்டு வேளை காபி. ஆனாலும் நாற்பத்தைந்தில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருக்கிறது. 'வயசானா உடம்பு எரிக்கிறது குறைஞ்சிடும்' என்பார்கள். ஆனால் 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு, 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவை ஆராய்ந்தது. உடலளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயதுவரை உடம்பு எரிக்கும் வேகம் ஏறக்குறைய மாறவில்லை.

மாறுவது தசை. முப்பதுக்குமேல் அது மெல்லக் கரைகிறது. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் வேகமாக. சாப்பிட்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெரும்பாலும் வாங்கி வைப்பது தசைதான். அந்தக் கிடங்கு சுருங்கினால், மிஞ்சியது கொழுப்பாகத் தங்க வழி கிடைக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது.

நம் மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு இன்னொன்று. ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். இதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் கருத்து. முதலில் பொரியல், கூட்டு, முட்டையோ மீனோ சுண்டலோ. பிறகு ஒரே ஒரு முறை சோறு. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும், பசியும் அடங்கும். கூடவே நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். தொடைத் தசைக்கு அது வேலை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சோற்றைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தொப்பையை அளக்க எடை இயந்திரத்தைவிடத் தையல்காரர் டேப் நல்லது. இந்தியர்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.