ஆச்சியின் கோயிலும் பேரனின் கோயிலும்

கிறித்தவர் யாவரும் ஒரே முறையில் வழிபடுவர் என எண்ணும் நண்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. உண்மை அதுவன்று. என் தந்தையார் தென்னிந்தியத் திருச்சபையினர், தாயாரோ கத்தோலிக்கர். தில்லியில் வளரும் என் அக்காள் மகனுக்கு, 'எது சரி?' என்பது ஆச்சியைப் பற்றிய வினாவாகிவிடுகிறது. 'ஆச்சி தப்பாகக் கும்பிடுகிறாள்' என்று பிஞ்சு மனத்தில் பதிந்தால் உறவே கசக்கும். ஆகவே பெரியவர்கள் விளக்கத்தான் வேண்டும். எவ்வாறு விளக்குவது?

வேற்றுமைகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. அவற்றை மூன்றாகப் பிரித்துக் காட்டலாம்.

முதலாவது, வழக்கம். நெல்லைச் சீமையில் செருப்பை வாயிலில் விட்டுத் தரையில் அமரும் கோயில்கள் உண்டு. தில்லியிலோ காலணியோடு பலகையில் அமர்கிறோம். ஒருவர் 'பூசை' என்பதை மற்றவர் 'ஆராதனை' என்பர். இவற்றில் சரியும் இல்லை, பிழையும் இல்லை.

இரண்டாவது, வரலாறு. இயேசு கற்பித்த செபத்தை ஆச்சி செபமாலையில் சொல்லி முடித்த பின்னும், பேரன் ஒரு வரி தொடர்ந்து சொல்வான். மத்தேயு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அவ்வரி இல்லை. பிற்காலப் படிகள் பலவற்றில் உண்டு. ஆச்சி மறக்கவுமில்லை, பேரன் கூட்டிச் சொல்லவுமில்லை. இன்றைய கத்தோலிக்கத் திருப்பலியிலும் குருவின் சிறு மன்றாட்டுக்குப் பின் அவ்வரி ஒலிக்கிறது.

மூன்றாவது, நம்பிக்கை. இங்கேதான் பெரியவர்கள் தடுமாறுகிறோம். "மாமா, ஆச்சி வாங்குகிற அப்பத்தை எனக்கு ஏன் தர மாட்டார்கள்?" என்று அவன் கேட்டான். 'எல்லாம் ஒன்றுதான்' என்று மழுப்பினால், பீடத்தருகே அது பொய்யென்று அவனே காண்பான். அப்பமும் இரசமும் கிறித்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்கர் விசுவாசம். அதில் முழுமையாக ஒன்றுபட்டோர்க்கே அவர்கள் பொதுவாக நற்கருணை வழங்குவர். "இரு சபைகளும் இன்னும் ஒரே பந்திக்கு வரவில்லை, உன்மேல் யாருக்கும் கோபமில்லை" என்றேன். பிள்ளைக்கு உண்மையும் வேண்டும், ஆறுதலும் வேண்டும்.

பிரிவு என்றும் மாறாததென்றும் சொல்லவேண்டியதில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் கூடி ஒரே திருச்சபையானதை எடுத்துரைக்கலாம்.

பிள்ளை சரியாகப் புரிந்துகொண்டானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. ஆச்சியின் வழிபாட்டை அவனையே விளக்கச் சொல்லுங்கள். 'மாதாவைக் கடவுளாகக் கும்பிடுகிறாள்' என்றால் மீண்டும் தொடங்குங்கள். 'தனக்காகக் கடவுளிடம் வேண்டும்படி மாதாவைக் கேட்கிறாள்' என்றால் ஆச்சியே, "ஆமாம் ராசா, அப்படித்தான்" என்பாள். தன் முறையே தனக்கு உகந்ததென அவன் பின்னர் முடிவு செய்யலாம், தடையில்லை. பிறர் முறையை முதலில் அவர்கள் ஒப்பும்படி சொல்லக் கற்கட்டும்.