தண்ணீரைத் துரத்தும் ஊர்கள்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே, அர்ச்சுனா நதியை மறித்துக் கட்டியது ஆனைக்குட்டம் அணை. ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் நீர் நிற்கும். கைவிட்டால் கோடையில் தரை தெரியும். விருதுநகர்க்காரர்களின் குடிநீருக்கும் இந்த அணையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சொட்டு நீரையும் பிடித்துவைக்க இங்கே இத்தனை பாடு. ஆனால் அணைக்கரையிலிருந்து எந்தத் திசையில் ஒரு மணி நேரம் போனாலும் நடப்பது நேர்மாறான வேலை. பாலிலிருந்து தண்ணீரைத் துரத்துகிறார்கள், மாவிலிருந்து துரத்துகிறார்கள், மிளகாயிலிருந்து, மையிலிருந்து, வெடிமருந்திலிருந்து துரத்துகிறார்கள். தண்ணீர் இல்லாத சீமை என்று பேரெடுத்த மாவட்டம், தண்ணீரை வெளியேற்றியே பிழைக்கிறது, தின்கிறது, ஊருக்கும் ஊட்டுகிறது.

இத்தாலியில் நேப்பிள்ஸுக்குத் தெற்கே கிரன்யானோ என்று ஒரு சிற்றூர். மலைக்கும் கடலுக்கும் இடையே வீசும் காற்றை நம்பி, ஒரு காலத்தில் தெருவோரமாகவே பாஸ்தாவைக் கழிகளில் தொங்கவிட்டுக் காயவைத்தார்கள். அந்தப் பாஸ்தாவுக்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடிப் போய், அந்தத் தெருவில் நடந்து, உட்கார்ந்து தின்று, படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தப்பே இல்லை. ஆனால் சேவுக்குப் பேர் பெற்ற, வறண்ட காற்று வீசும் சாத்தூரை நாம் ரயில் ஜன்னலில் கை நீட்டி ஒரு பொட்டலம் வாங்கிக் கடந்துவிடுகிறோம்.

இந்தச் சீமையின் காற்று ஏன் இப்படி வறண்டது? ஆடி மாதம் கேரளத்தை நனைக்கும் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. மலை ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டிய காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது சூடேறி, ஈரம் வற்றி வருகிறது. மழை என்று பேருக்கு வருவது பெரும்பாலும் ஐப்பசியிலிருந்துதான். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தபோது, ஊர்க்காற்று அவர்களுக்குக் கூட்டாளியாக நின்றது. குச்சி சீக்கிரம் காய்ந்தது, மருந்து நமத்துப்போகவில்லை. பிறகு வந்த பட்டாசுக்கும், காலண்டர் அச்சுக்கும் அதே காற்றுதான் துணை. துணை என்று முழுக்கச் சொல்லவும் முடியாது. வறண்ட காற்றில் உடம்பிலும் துணியிலும் நிலைமின்சாரம் எளிதில் சேரும்; ஒரு சின்னப் பொறி போதும். பட்டாசு ஆலைகளில் பருத்தி உடை என்று வற்புறுத்துவதும், சிறுசிறு அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதும் அதனால்தான். அப்படியும் இந்த வட்டாரம் கொடுத்த உயிர்கள் கொஞ்சமல்ல.

சாப்பாட்டுக்கு வருவோம். சாத்தூர்ச் சேவு என்றால் கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய், பூண்டு. கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே ஓட்டைக் கரண்டியைப் பிடித்து, மாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார்கள். விழுந்ததும் எண்ணெய் முழுக்க நுரைக்கும். நுரைப்பது எண்ணெய் அல்ல. மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி ஓடுகிறது. நுரை அடங்கினால் தண்ணீர் தீர்ந்தது, சேவு வெந்தது என்று அர்த்தம். கைதேர்ந்த சரக்கு மாஸ்டர் கடிகாரம் பார்ப்பதில்லை, சத்தத்தைத்தான் கேட்கிறார்.

ஈரம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்காகக் குறைந்ததும் ஒரு விந்தை நடக்கிறது. மாவுச்சத்தின் மூலக்கூறுகள் எந்த ஒழுங்கிலும் அடுக்கப்படாமல், கிடந்த கோலத்திலேயே உறைந்துவிடுகின்றன. விஞ்ஞானிகள் இதைக் கண்ணாடி நிலை என்கிறார்கள். வெறும் உவமை அல்ல இது. ஜன்னல் கண்ணாடியும் அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்த பொருள்தான். அதனால்தான் வளையாமல் பட்டென்று உடைகிறது. சேவைக் கடிக்கும்போது கேட்கும் மொறுமொறு, மெல்லிய மாவுச் சுவர்கள் அடுத்தடுத்து நொறுங்கும் ஒலி. காற்றிலுள்ள ஈரம் கொஞ்சம் உள்ளே நுழைந்தாலும் மூலக்கூறுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும். பிறகு சேவு உடையாது, வளையும். சென்னையில் ஒரு ராத்திரி திறந்து வைத்த சேவு மறுநாள் தோலாகிப்போவது இதனால். சாத்தூரில் அதே சேவு இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும்.

விருதுநகர் எண்ணெய், பருப்பு, வத்தல் வியாபாரத்தில் பழுத்த ஊர். எண்ணெய் புழங்கும் ஊரில் பரோட்டாவையும் எண்ணெயிலே போட்டுப் பார்க்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது, நல்ல யோசனை. எண்ணெய் தடவி ஊறவைத்த மைதா உருண்டையை மேசையில் வீசி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெலிதாக இழுக்கிறார் மாஸ்டர். மைதாவின் இரண்டு புரதங்கள் தண்ணீரில் கைகோத்துப் பின்னிய வலைதான் அது கிழியாமல் காக்கிறது. சுருட்டி, தட்டி, எண்ணெய் தேங்கிய கல்லில் இடுகிறார். அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. அடுக்குகள் விலகி உப்புகின்றன.

பரோட்டா எண்ணெயில் கிடக்கும் நேரமெல்லாம் அது எண்ணெயைக் குடிக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? இல்லை. வேகும்போது உள்ளிருந்து சீறி வரும் ஆவி எண்ணெயை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. எண்ணெயின் பெரும்பகுதி உள்ளே போவது, வெளியே எடுத்த பிறகு. சூடு இறங்க, ஆவி தண்ணீராகச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகி மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிறது. ஆகவே எடுத்த சூட்டோடு வடித்தால் நிறைய எண்ணெய் போய்விடும். ஆற வைத்துவிட்டு டிஷ்யூ பேப்பரில் ஒற்றுவது வீண் வேலை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குக் காற்று உதவாது, நெருப்புதான் வேண்டும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் செலவழித்தால்தான் அது முழுக்க ஆவியாகும். பத்து லிட்டர் பால் மூன்று கிலோ சொச்சமாகச் சுண்டும்வரை, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பால் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து அந்த இளம்பழுப்பையும் மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912-ல் விளக்கிய வினை இது. ரொட்டியின் மேல்தோலிலும் வறுத்த காப்பிக்கொட்டையிலும் நடப்பது அதேதான். 2019-ல் இந்தப் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

போவதென்றால் மழை முடிந்து, மாசி பங்குனியில் போங்கள். கரிசல் காட்டில் வத்தல் சிவப்பாய்க் காய்ந்து கிடக்கும். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலைப் பார்த்துவிட்டுச் சூடு ஆறாத பால்கோவா, மதியம் சாத்தூர், இருட்டியதும் விருதுநகரில் பரோட்டா. பால்கோவாவை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். சேவுக்குக் காற்றுப் புகாத டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் ஊர்க் காற்று சாத்தூர்க் காற்று அல்ல.