கோழிப் பண்ணையும் கிணற்று நீரும்



தென்காசி, குற்றாலம் என்றதும் சாரலும் அருவியும் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ அவ்வளவு இனிய விஷயமன்று. கோழி எருவைப் பற்றியது. ஆயினும் அருவியில் நீராடி மகிழ்வோருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. குற்றாலத்தில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசி வழியே கிழக்கு நோக்கிச் சென்று, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலக்கிறது. வழியில் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் அதைக் குளங்களுக்குப் பங்கிடுகின்றன. குளத்து நீர் பூமியில் சுவறிக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. ஆகவே ஓர் ஊர் மேட்டில் கொட்டிய அசுத்தம் அடுத்த ஊர்க் குடத்துக்கு வந்து சேர வழி இருக்கிறது.

முட்டையிடும் கோழியொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். 5,000 கோழிகள் உள்ள பண்ணையில் தினமும் அரை டன் சேரும். நல்ல உரம், தோட்டக்காரர்கள் விலை கொடுத்து வாங்குவது. உலர்ந்திருக்கும்வரை தொல்லை குறைவு. ஈரம் பட்டாலோ அம்மோனியா நாற்றம் கிளம்பும். ஈ வந்து முட்டையிடும். வெப்ப நாளில் சுமார் பத்து நாட்களில் அம்முட்டைகள் ஈக்களாகப் பறக்கும். இங்கேதான் நம் சீமையின் தனித்தன்மையைக் கவனிக்க வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வீசும் மேல்காற்றும் சாரலும் எருவை உலரவிடா. அதே காற்று நாற்றத்தைக் கிழக்கே சுமந்து செல்லும். பண்ணைக்கு மேற்கே குடியிருப்பவர் நிம்மதியாக உறங்கலாம். கிழக்கே அதே தூரத்தில் இருப்பவர் ஜன்னலைச் சாத்த வேண்டியதுதான்.

நாற்றமாவது மூக்குக்குத் தெரியும். எருவிலுள்ள நைட்ரஜன், மண்ணின் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறி மழைநீரோடு கீழே இறங்குகிறதே, அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது; நீர் சுண்டச் சுண்டச் செறிவு மிகும். இந்தியக் குடிநீர்த் தரவிதி லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது. அளவு மிஞ்சிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

அண்டை வீட்டார் வழக்கு உலகுக்குப் புதிதன்று. 1610-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஆல்ட்ரெட் என்பவர், தம் வீட்டருகே பன்றிக்கொட்டில் கட்டியவர்மீது வழக்குத் தொடுத்தார். பன்றி நாற்றம் பொறுக்காத அளவுக்கு மூக்கு அத்தனை மென்மையாக இருக்கலாகாது என்று எதிர்த்தரப்பு வாதித்ததாம்! நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுத்தமான காற்றும் வீட்டுக்குரியவரின் உரிமையே என்று தீர்ப்பு ஆல்ட்ரெட் பக்கம் ஆயிற்று.

நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம், கழிவுநீர் வெளியேற்றும் தொழில்கள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டும் என்கிறது. எனினும் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கோழிகள் கொண்ட பண்ணைகளுக்கு நெடுநாள் விலக்கு இருந்தது. 2020-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அவ்விலக்கை மறுபரிசீலனை செய்யப் பணித்தது. அதன்பின் மத்திய வாரியம் திருத்திய நெறிமுறை, 5,000 பறவைகளுக்கு மேற்பட்ட பண்ணைகளையும் இசைவு முறைக்குள் கொணர்ந்தது. குடியிருப்பிலிருந்து 500 மீட்டர், ஆறு, ஏரி, கால்வாய், குடிநீர் ஆதாரங்களிலிருந்து 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்றும் வகுத்தது.

இவை வேண்டிய விதிகளே. ஆனால் தூரத்தை அளக்கும் விதிக்குக் காற்றின் திசை தெரியாது. மேலும், கறிக்கோழி ஒப்பந்த முறையில் குஞ்சும் தீவனமும் கம்பெனி தருகிறது; கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை; எருவும் வழக்கும் அவர் தலையிலேயே விழுகின்றன. கூரையிட்ட எருக்கிடங்குக்கும் சிமெண்டுத் தளத்துக்கும் ஆகும் செலவில் கம்பெனிக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று: வெட்டவெளியில் இருந்த பண்ணையின் வேலியோரம் பின்னாளில் மனை பிரித்து விற்றவர்மீது எவரும் குறை சொல்வதில்லை!

நேயர்களுள் பண்ணைக்கு அருகே கிணறு உடையவர்கள், கோடையில் ஒரு முறையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறையும் நீரை எடுத்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கலாம். மழைக்குப் பின் நைட்ரேட் ஏறியிருந்தால், எரு கிடக்கும் இடத்தையும் தண்ணீர் ஓடிவரும் சரிவையும் முதலில் பாருங்கள். அந்த இரண்டு அறிக்கைகளையும் இணைத்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதலாம்; பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவருக்கும் உண்டு.