தொக்கம் எடுத்தால் குடல் கட்டி போகுமா?

இரவில் எங்கள் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவரப்படும் பிள்ளைகள் சிலரின் வயிற்றில் விளக்கெண்ணெய் இன்னும் காய்ந்திருக்காது. வாந்தி தொடங்கி இரண்டு, மூன்று நாள் ஆகியிருக்கும். "தொக்கம் விழுந்திருக்குன்னாங்க டாக்டர், எடுத்துட்டுதான் வர்றோம்" என்பார் பாட்டி. ஸ்கேனில் சிறுகுடலை ஒட்டி நீர் கோத்த கட்டி தெரியும். டூப்ளிகேஷன் சிஸ்ட், அதாவது குடல் இரட்டிப்புக் கட்டி. கருவிலேயே குடலோடு கூடுதலாக ஒரு குடல் துண்டு பைபோல உருவாகி ஒட்டிக்கொள்வது. அரிதுதான். ஆனால், இது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வயதுக்குள் தொல்லை தொடங்கிவிடும்.

தொக்கம், குடல் தட்டல், இரட்டை வாழைப்பழம்

தொக்கம் எடுப்பவர்கள் 'சாப்பிட்டது குடலில் ஒட்டிக்கொண்டது' என்று ஊதியும் உறிஞ்சியும் எதையோ எடுத்துக் காட்டுகிறார்கள். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் கைக்குழந்தைக்கு எந்தச் சோறு ஒட்டும்? குடல் தட்டுகிறேன் என்று வயிற்றை அழுத்தித் தேய்ப்பது இன்னும் மோசம். சில கட்டிகளின் உட்புறம் இரைப்பையின் சவ்வு இருக்கும். அது அமிலம் சுரந்து குடலைப் புண்ணாக்கும், ஓட்டையும் போடும். கட்டியை முனையாகக் கொண்டு குடலுக்குள் குடல் செருகிக்கொள்வதும் உண்டு. செருகிக்கொண்ட குடலைத் தேய்த்து விடுவிக்க எந்தக் கைராசிக்கும் முடியாது.

'குடல் இரட்டிப்பு' என்று சொன்னதும், "மாசமா இருக்கும்போது இரட்டை வாழைப்பழம் தின்னியா?" என்று மருமகள் பக்கம் திரும்புகிற மாமியார்களும் உண்டு. அந்தப் பெண் எதுவும் செய்யவில்லை, விட்டுவிடுங்கள்.

கட்டியைக் கரைக்கும் லேகியம் எதுவும் கிடையாது. ஊசியால் நீரை உறிஞ்சினாலும் உட்சவ்வு மறுபடி சுரந்து நிரப்பிவிடும்.

மருந்துக்கடைக்காரர் டாக்டர் அல்ல

அழும் குழந்தைக்கு வயிற்றுவலிச் சொட்டு மருந்தைக் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள். டைசைக்ளோமின் கலந்த மருந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைக்கும் அது வலியை மறைக்கும். நோய் உள்ளே வளரும். அண்ணன் குடித்த மிச்சத்தைத் தம்பிக்கு ஊற்றுவதை என்ன சொல்ல?

அறுவை சிகிச்சை

கட்டி இருப்பது அல்ட்ராசவுண்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்; தீர்வு அறுவை சிகிச்சைதான்.

கட்டியும் குடலும் ஒரே தசைச்சுவரையும் ரத்தக் குழாய்களையும் பகிர்ந்துகொள்வதால், பெரும்பாலும் கட்டியை மட்டும் உரிக்க முடியாது. அதை ஒட்டிய சிறு குடல் பகுதியோடு வெட்டி, இரு முனைகளையும் தைத்து இணைக்கிறோம். குடல் நெடுக நீண்ட குழாயாக இருந்தால், அவ்வளவு குடலையும் இழக்க முடியாது. உட்சவ்வை மட்டும் உரித்தெடுப்போம். பல பிள்ளைகளுக்குச் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி போதும். "குடலை வெட்டினா பிள்ளை வளருமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம் போனால் வளர்ச்சி கெடாது. தாமதமாக வந்து, குடல் அழுகி, நிறைய வெட்ட நேர்ந்தால்தான் சிக்கல்.

கெஞ்சிக் கேட்கிறேன்

இது பிறவிக் கோளாறு; வராமல் தடுக்க வழியில்லை. தாமதத்தைத் தடுக்கலாம். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், வயிற்று உப்பசம், காலை மடக்கி விட்டுவிட்டு வீறிடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பகால ஸ்கேனில் குழந்தை வயிற்றில் நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால், பிரசவம் முடிந்ததும் அந்த ரிப்போர்ட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். குழந்தை நன்றாகப் பால் குடித்தாலும் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். எழும்பூரிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளிலேயே குழந்தைகளுக்கென அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.